மாமாவின் ஜன்னலோர ஜூனிபர்

என் பாசமும் கோபமும் சரிபாதியாய்ச் சேர்ந்த மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மலைத்தண்ணீர் வந்து விழும் நம் பீலியில் இப்போது நிறைய வருகிறது. தெமோதரை ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்கிறபோதெல்லாம், "இன்னைக்கும் லேட்டு" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஜூனிபர் மரத்தில் சுற்றியிருந்த கம்பிகளை வெட்டி எடுத்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? "ஒரு செடிக்கா இவ்வளவு?" என்பார்கள்.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் கணவருடைய அப்பா. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து, கெட்டுப்போன இயந்திரங்களோடு மல்லுக்கட்டியே வயதானவர். உங்கள் மகன் சேகர் கட்டார் நாட்டில் வேலை செய்கிறார். மகள் வசந்தா அண்ணிக்குப் பதுளையில் துணிக்கடை வேலை. அத்தை, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் நீங்களும் நானும்தான்.

நான் அப்போது பண்டாரவளையில் எனக்கு அண்ணன் மாதிரியான ரஷீத் நானாவின் நர்சரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூக்கன்று விற்கும் இடம் என்றாலும் பின்பக்கம் சட்டிக்குள் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்களும் கொஞ்சம் இருந்தன. அவற்றுக்குக் கம்பி சுற்றவும் தளிர் கிள்ளவும் அங்கேதான் பழகினேன். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்று முழுக்க எனக்குச் சந்தோசம். அவ்வளவு சின்ன ஆசைதான் மாமா.

ஒரு காலையில் பீலியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே நீங்கள் சரிந்தீர்கள். பாரிசவாதம் என்றார்கள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உங்கள் வலது கையும் காலும் உங்களுடையதாக இல்லை. பேச்சு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. அன்றோடு என் வேலையும் நின்றது. யாரும் என்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கள் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

கட்டில் சட்டத்தில் கரண்டியால் தட்டிக் கூப்பிடுவீர்களே, அந்தச் சத்தம் கேட்கிற தூரம்தான் அதன்பிறகு என் ஊர். பீலி வரை கேட்கும். கீழ் லயத்து வரிசைவீடுகளின் கோயில் மணி அடிக்காத நேரமென்றால் மரக்கறிப் பாத்தியின் கடைசி வரை கேட்கும். ரோட்டுக்கு இறங்கும் படியில் கேட்காது. ஆகவே நான் படியில் இறங்குவதில்லை. கடைச் சாமானைக்கூடப் பக்கத்து வீட்டு மலர் அக்காதான் வாங்கி வந்து கொடுத்தார். உங்களுக்குத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து நின்றால், எதிர்மலையில் பஸ் வளைவுக்கு வளைவு ஏறிப் போவது தெரியும். அதில் ஏற முடியாது என்பதைவிட, அது தெரிகிறதே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் சம்பளப் பாக்கியைக் கொடுக்க ரஷீத் நானா ஒருமுறை வீட்டுக்கே வந்தார். அப்போதுதான் அந்த ஜூனிபரைத் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒழுங்கில்லாமல் நீண்டுபோன மரம்.

"இத யாரும் வாங்க மாட்டாங்க தங்கச்சி. சும்மா கெடக்குது. வீட்டுல இருந்துக்கிட்டே எதையாவது செஞ்சு பாருங்க" என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் "வீட்டுல இருந்துக்கிட்டே" என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த மரத்தை அருவி போலக் கீழே தொங்க விடலாம் என்று பார்த்தவுடனே தோன்றியது. உயரமான சட்டியில் நட்டு, உச்சியாக ஒரு கிளையை மேலே விட்டு, நடுத்தண்டை விளிம்புக்கு மேலாக வளைத்து, நுனி சட்டியின் அடிக்கும் கீழே இறங்குகிற மாதிரி. ஆனால் தண்டு பெருவிரலைவிடத் தடிப்பு. ஒருவர் சட்டியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் வளைக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் யார் இருக்கிறார்? மரத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் கட்டிலுக்கு வந்தேன்.

"என்னா புள்ள இது?"

"பிடிங்க மாமா. இடது கையால அணைச்சுப் பிடிச்சா போதும்."

"மேல போற மரத்த ஏன் கீழ இழுக்கிற?"

"பாறை வெடிப்புல மொளைச்ச மரம் இப்பிடித்தான் தொங்கும்."

"அதுக்குத் தலையெழுத்து அப்பிடி. இதுக்கு நீ ஏன் எழுதுற?"

கேட்டுவிட்டு நீங்களே சட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். நான் தண்டில் சுற்றியிருந்த அலுமினியக் கம்பியைப் பார்த்து வாயைக் கோணினீர்கள். "இது தாங்காது. என் பெட்டியில செப்புக்கம்பி கெடக்கு. நெருப்புல சிவக்கப் போட்டு ஆறவிடு. மெதுவாயிரும்" என்றீர்கள். அப்படியே செய்தேன். ஈரச் சாக்குத்துண்டைத் தண்டில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் செப்புக்கம்பியைச் சாய்வாகச் சுற்றினேன். ஒரே நாளில் வளைக்கவில்லை. கொஞ்சம் வளைப்பது, விட்டுவிடுவது, சில வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் நீங்கள் காதைத் தண்டுப் பக்கம் சாய்த்துவைத்து, "போதும்... போதும் புள்ள, முனகுது" என்பீர்கள். உங்கள் மடியெல்லாம் மண். நான்தான் அதையும் துவைத்தேன்.

உங்களைத் தெய்வம் மாதிரி நான் எழுத மாட்டேன் மாமா. உங்களோடு இருப்பது லேசாக இருக்கவில்லை. கஞ்சி சூடு என்பீர்கள், ஆறினால் பச்சைத்தண்ணி என்பீர்கள். நான் தலைக்குக் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் தட்டுவீர்கள். வசந்தா அண்ணி மாதம் ஒருமுறை பிஸ்கட் பக்கற்றோடு வந்தால், "எம் மக வந்துட்டா" என்று கண் கலங்குவீர்கள். அவர் போன பிறகு படுக்கை மாற்றுவது நான். கோபம் வராதா? வந்தது. உங்களிடம் காட்ட முடியாத கோபத்தோடு மரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தால், அதை அவசரமாகக் கிள்ள முடியாது. கத்திரியை வைத்து இலையை அரிந்தால் வெட்டின இடமெல்லாம் பழுப்பாகிவிடும். தளிரைப் பிடித்து விரலால் மெல்லப் பிடுங்க வேண்டும். உச்சிதான் எப்போதும் கொழுக்கும். தொங்குகிற நுனிக்குச் சத்து போய்ச் சேராது. அதனால் உச்சியில் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நுனியைத் தொடாமல் விட வேண்டும். ஒரு கிளையை முடிப்பதற்குள் நீங்கள் தட்டிவிடுவீர்கள்.

சட்டியை உங்கள் ஜன்னலுக்கு வெளியே சிமெந்துக் கட்டையில் வைத்தேன். நுனி இறங்குவது படுத்தபடியே உங்களுக்குத் தெரியும். மலர் அக்கா வந்து, "ஏன் மரத்தக் கவுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது, "அது அருவி. ஒனக்கு என்னா தெரியும்?" என்று நீங்கள் அதட்டியது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி நாம் கடைசி வரை பேசவே இல்லை. ரஷீத் நானா வாரத்தில் சில நாளாவது வரச் சொல்லிக் கேட்டிருந்தார். அந்த நாட்களில் உங்களை வைத்துக்கொள்ள வசந்தா அண்ணியிடம் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். உங்கள் மகனிடம், அந்த நாட்களுக்கு மட்டும் ஓர் ஆளைப் போடலாமா என்று கேட்டேன். அடுப்படியில் வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன்.

"கொஞ்ச நாள் சமாளி கலை. அப்பா போற வரைக்கும்தானே. அதுக்குப் பொறகு நீ என்னா வேணும்னாலும் செய்" என்றார் அவர்.

உங்கள் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு இல்லை, திரைச்சீலைதான்.

மறுநாள் நீங்கள் தட்டவில்லை. தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். நல்ல வெயில், நான் நிதானமாக மரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் நீங்கள் தரையில் கிடந்தீர்கள். நீங்களாகவே எழுந்து மூலையில் இருந்த சட்டியில் ஒன்றுக்குப் போகப் பார்த்து, விழுந்திருக்கிறீர்கள். இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க நனைந்திருந்தது.

"ஏன் மாமா தட்டல? ஏன் தட்டல?"

"நீ வேலையா இருந்தே."

உங்களைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, வேறு சாரம் கட்டிவிட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "ஒனக்கு வேலைக்குப் போகணுமா புள்ள?"

இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "போகணும் மாமா" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நீங்கள் என்ன செய்துவிட முடியும்? நான்தான் என்ன செய்துவிட முடியும்? உங்களுக்கு அந்தக் கட்டில், எனக்கு அந்த முற்றம். ஆனாலும் அன்றைக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம்.

அதற்குப் பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கஞ்சியோடு வந்து பார்த்தேன், முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. போய்விட்டீர்கள்.

சாவு வீட்டில் என்னைச் சுற்றி எத்தனை பேர்! சேகர் வந்தார், காரியத்தை முடித்துவிட்டுக் கருமாதிக்கு மறுநாளே லீவு முடிந்ததென்று போனார். வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள். "நல்லா பாத்தே தாயி. இனி ஒனக்கு விடுதலை." விடுதலை வந்த மறுநாள் படியில் இறங்கி ரோட்டுக்குப் போனேன். பஸ் வந்தது. கை காட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் நீங்கள் தட்டுகிற மாதிரியே இருந்தது. சும்மா திரும்பி வந்து வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்த பிறகும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. இது என்ன வகை வியாதி மாமா?

அப்போதுதான் மரத்தின் ஞாபகம் வந்தது. ஆட்கள் உட்கார இடம் வேண்டுமென்று யாரோ அதைத் தூக்கிப் பின்பக்கம் விறகுக்குவியலுக்கு இடையில் சொருகியிருந்தார்கள். கூரைக்கு அடியில் என்பதால் மழையும் விழவில்லை. மண் கல்லாக இறுகியிருந்தது. ஆனால் இலை பச்சையாகவே இருந்தது. ரஷீத் நானாவுக்குப் போன் செய்து, "தப்பிச்சிருச்சு நானா" என்றேன்.

"அவசரப்பட்டுச் சொல்லாதீங்க தங்கச்சி. ஜூனிபர் செத்த பொறகும் பல நாள் பச்சையாத்தான் நிக்கும். பட்டையக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க."

சுரண்ட எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர் ஊற்றினேன், நிழலில் வைத்தேன், தினமும் பார்த்தேன். பச்சை. அது உயிரின் பச்சையா, போன உயிரின் மிச்சமா என்று தெரியாமலே நாட்கள் போயின. நானும் வெளியே பார்க்க அப்படித்தான் இருந்திருப்பேன்.

இனித்தான் உங்கள் மகளின் கதை. ஒருநாள் காலை, ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது. வசந்தா அண்ணி இறங்கினார். பின்னால் அவருடைய மாமியாரை மெல்ல இறக்கினார். அந்த அம்மாவுக்கு இடுப்பு முறிந்து சேர்ந்ததிலிருந்து பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. ஒரு துணிப் பையும் மருந்துப் பையும் கூடவே இறங்கின. அண்ணி நேராக உங்கள் அறைக்குப் போய்க் கட்டிலைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க அத்த இங்க இருக்கட்டும் கலை. கட்டில் சும்மாதானே கெடக்கு. ஒனக்குக் கைவந்த வேல. தம்பிக்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டான்."

தன் அப்பாவைச் சில நாள் வைத்துக்கொள்ள முடியாது என்றவர் அவர். உங்கள் மகனும் சரி சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய ஆள் மட்டும் பாக்கி. அந்த அம்மா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வயதான மனுசியை எப்படிப் போ என்று சொல்வது? தண்ணீர் கொடுத்தேன். நாற்காலி போட்டேன். என் கை தானாகவே கட்டிலுக்கு விரிப்பு எடுக்கப் போனது மாமா. சத்தியமாகப் போனது. விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் வாயைத் திறந்தேன்.

"அவங்க இருக்கட்டும் அண்ணி. ஆனா நான் நாளைக்குக் காலையில வேலைக்குப் போறேன். பகல்ல நீங்கதான் இருந்து பாத்துக்கணும்."

"என்னா பேச்சு பேசுற? எனக்குக் கடை இருக்குல்ல?"

"எனக்கும் இருக்கு அண்ணி."

அண்ணி குரல் உயர்ந்தது. பொம்பளை தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது, ஊர் என்ன பேசும், தம்பிக்கு இது தெரியுமா என்றெல்லாம் கேட்டார். நான் விரிப்பை மட்டும் விரிக்கவில்லை. அப்போது நாற்காலியிலிருந்து அந்த அம்மா பேசினார்.

"வசந்தா, விருந்தாடப் போறோம்னுதானே சொன்னே? என்னைய இங்க விட்டுட்டுப் போகவா கூட்டியாந்தே?"

அண்ணி மருந்துப் பையைத் திறந்து எதையோ தேடினார்.

"எனக்கு எம் மகன் வீடு இருக்கு. இந்தப் புள்ள மொகத்தப் பாரு. ஒருத்தர் பாரத்த இப்பத்தான் எறக்கி வச்சிருக்கா. வண்டிக்காரனப் போக வேணாம்னு சொல்லு."

அவர் என்னைத் தப்ப வைத்தார் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அவர் போய் இறங்கிய வீட்டில் என்ன நடந்திருக்கும்? இதை எழுதுகிறபோதும் அது மனசை அரிக்கிறது. வண்டியில் ஏற நான்தான் கைகொடுத்தேன். என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். வசந்தா அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் நேராக மரத்திடம் போனேன். நகத்தால் உச்சித் தண்டைச் சுரண்டினேன். உள்ளே பழுப்பு, காய்ந்த குச்சி. இன்னொரு இடம், அதுவும் பழுப்பு. உட்கார்ந்து அழுதேன். பிறகு கீழே தொங்குகிற கிளையை, வளைவுக்கு அந்தப் பக்கம் சுரண்டினேன். ஈரப் பச்சை! மாமா, நகத்தில் ஒட்டிக்கொண்டது. நானாவிடம் கேட்டேன். ஜூனிபரில் ஒவ்வொரு பக்கத்து வேரும் தன் பக்கத்துக் கிளைக்குத்தான் ஊட்டுமாம். ஒரு பக்கத்து வேர் காய்ந்து உச்சி போய்விட்டது. நாம் இருவரும் கீழே இழுத்த கிளைக்கு ஊட்டும் வேர் தப்பியிருக்கிறது.

செத்த உச்சியை வெட்டி எறியவில்லை. பட்டையை உரித்து, சிறு கத்தியால் சீவி, வெள்ளை எலும்பு போல விட்டிருக்கிறேன். மலையுச்சியில் இடி விழுந்த மரம் அப்படித்தான் நிற்கும், பார்த்திருப்பீர்கள். கம்பிகள் பட்டைக்குள் பதிய ஆரம்பித்திருந்தன. சுற்றி அவிழ்த்தால் கிளை முறியும். அதனால் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தேன். செப்புத் துண்டுகளை உங்கள் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். தழும்பு இருக்கிறது. கம்பி இல்லாமலும் கிளை கீழேதான் நிற்கிறது, மேலே எழும்பவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசமும் வந்தது, சந்தேகமும் வந்தது. பழகிவிட்டதா, பிடித்துப்போய் நிற்கிறதா? மரத்திடம் எப்படிக் கேட்பது?

அண்ணி வந்துபோன அன்று சேகர் போனில் கத்தினார். பிறகு பேசவில்லை. சில நாள் கழித்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் ஒரு மெசேஜ் வந்தது. சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். அடுத்த லீவில் வந்து பேசுவாராம். வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. வந்து என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன், எதுவும் தெரியாது. இன்னும் எனக்கு நாலு பக்கமும் சுவர்தான் மாமா. நர்சரி வேலைக்குப் போகிற பண்டாரவளை பஸ் வளைவில் திரும்பும்போது இப்போதும் கரண்டிச் சத்தம் கேட்கிறது. ஆனால் பஸ்ஸில் இருக்கிறேன். இறங்கிவிடவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். உங்கள் வருசப் படையலுக்கு, டாக்டர் ஆகாது என்று சொல்லி நான் கண்ணில்கூடக் காட்டாமல் வைத்திருந்தேனே, அந்த நெத்தலிக் கருவாட்டில் குழம்பு வைப்பேன். உப்பு, காரம், எல்லாம் தாராளமாக. ஆனால் அன்று வேலை நாளாக இருந்தால், வேலை முடிந்து பஸ் பிடித்து வந்துதான் அடுப்பு மூட்டுவேன். இருட்டிவிடும். பசிக்கும். கொஞ்சம் பொறுத்திருங்கள் மாமா.

நீங்கள் "புள்ள" என்று கூப்பிட்ட,
உங்கள் மருமகள்
கலைச்செல்வி